கால் விரி, கால் சேர்

இடது தொடை வார் பூட்டியிருக்கிறது. வலது தொடை வார் பூட்டியிருக்கிறது. நெஞ்சு வார், ஹெல்மெட் வார், எல்லாம் சரி. கையை எடுப்பதற்குள் இடது தொடையைப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் குனிகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் புருஷன் செல்வின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், பூட்டுக்குக் கை வலிக்கப்போகுது சுகிர்தா, விடு என்பான். இசக்கியண்ணன் பக்கத்தில் நின்று வாக்கிடாக்கியைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார். பஸ் கண்டக்டர், ஆட்களை அவசரப்படுத்தத் தெரிந்த மனிதர், இன்று அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பின்னால் என் விங் தரையில் விரிந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பாராசூட் என்பார்கள், நாங்கள் விங் என்போம். முன்னால் குளம். குளம் என்று பெயர்தான், பங்குனி பிறந்துவிட்டால் மாடு குளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது, கரிசல் காய்ந்து வெடித்து இறுகிவிடும், அப்போது இது எங்கள் மைதானம். மலையில்லாத ஊரில் பிறந்து பறக்க ஆசைப்பட்டவர்களுக்கு வேறு வழியில்லை. அந்தக் கடைசியில், மறுகரைக்குக் கீழே, விஞ்ச். பழைய புல்லட் எஞ்சினை வைத்து ரூபன் தன் லேத் பட்டறையில் செய்தது, ஓர் உருளை, அதில் சுற்றிய மெல்லிய கயிறு. கயிற்றின் இந்த முனை என் இடுப்புக்கு முன்னால் கொக்கியில் மாட்டியிருக்கிறது. அவன் அங்கிருந்து சுற்றி இழுக்க இழுக்க நான் இங்கிருந்து ஓடி, பட்டம் ஏறுவதைப்போல ஏற வேண்டும். உயரம் போனதும் அவன் இழுவையைத் தளர்த்துவான், நான் கொக்கியை விடுவித்துக்கொண்டு என் பாட்டுக்குப் பறக்கலாம். சொல்லும்போது சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான். மஞ்சள் குடைக்குக் கீழே ரூபன் ஒரு புள்ளி. புள்ளிக்குக் கை நடுங்குகிறதா என்று இங்கிருந்து தெரியாது.

நடுங்கும். எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவன் டீ கிளாஸைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிப்பான், ஏதோ குளிருக்குப் பிடிக்கிறவன் மாதிரி, எங்கள் ஊரில் ஏது குளிர். செல்வினுக்குத் தம்பி, எனக்குக் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு, மைனி வீட்டுக்குள்ளயும் விசில் ஊதுவியளா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவன். இப்போது அவன் வந்து உட்கார்ந்தால் வீட்டில் ஒரு மேஜை கூடுதலாக வந்த மாதிரி இருக்கிறது. என் மாமியார் அவனுக்குச் சோறு வைப்பார், குழம்பு ஊற்றுவார், மோர் வேணுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசி இரண்டு வருஷம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலாம், சுவரைப் பார்க்கிறவரிடம் என்ன பேசுவது. அவனும் பேசுவதில்லை. பட்டறையில் வேலைக்கு ஆள் வைத்துவிட்டு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான், லேத்தைத் தொடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான், செருப்பைக் கழற்றவில்லை.

"மைனி, அந்த விஞ்சப் பிரிச்சு இரும்புக்குப் போட்டுருதேன்."

"போடு. அதுக்கு முன்னால என்னைய ஒருக்கா இழுத்துரு."

"வெளாடாதிய மைனி."

வெளாடாதிய. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போயிற்று. வெளாடலைய்யா, நிஜமாத்தான் சொல்லுதேன், நீ இழுத்தா நான் போவேன், வேற யாரு இழுத்தாலும் போமாட்டேன் என்றேன். எனக்குப் பறக்க ஆசை ஒன்றும் இல்லை. செல்வின் போன பிறகு வானத்தை நான் துணி காயுமா என்று பார்ப்பதற்குத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டில் ஒருவனைப் புதைத்தாகிவிட்டது. இன்னொருவனையும் ஸ்டூலில் உட்கார வைத்துப் புதைக்க நான் விடமாட்டேன். அவன் கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதை வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று, போதகர் சொல்லிப் பார்த்தார், இசக்கியண்ணன் சொல்லிப் பார்த்தார். வாய்ப்பேச்சில் நம்பிக்கை வராது. யாராவது ஒருவர் அந்தக் கயிற்றின் முனையில் தொங்கிக் காட்ட வேண்டும், என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.

"டீச்சர், பேண்ட்ட இன்னும் கொஞ்சம் மேல சுருட்டுங்க. காலுறை தெரியல" என்கிறார் இசக்கியண்ணன்.

சுருட்டுகிறேன். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, ஃபுட்பால்காரர்கள் போடுவது. எங்கள் குளத்தில் இது சட்டம். ஏனென்றால் கயிறு இழுபடத் தொடங்கிவிட்டால் பறக்கிறவருக்கு வாய் கிடையாது, கை இரண்டும் விங்கைத் திருப்புகிற பிரேக் பிடியில் இருக்கும், தொண்டை கிழியக் கத்தினாலும் எஞ்சின் இரைச்சலில் விஞ்ச்காரர் காதில் விழாது. மிச்சம் இருப்பது கால் ஒன்றுதான். நிறுத்து, இழுக்காதே என்று சொல்ல வேண்டுமானால் கால் இரண்டையும் அகல விரித்துச் சேர்க்க வேண்டும், மறுபடி விரித்துச் சேர்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால்தான் அவ்வளவு தூரத்துக்குக் கண்ணில் படும். மற்றபடி ஏறி முடிகிற வரை கால் சேர்ந்தே இருக்க வேண்டும். இதை மதுரைக்காரர் ஒருவர் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அன்று செல்வின் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவன் சும்மா இருக்கப்போவதில்லை என்று. நான் பி.டி. டீச்சர். எத்தனையோ வருஷமாகப் பெண்பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கால் விரி, கால் சேர், கால் விரி, கால் சேர் என்று விசில் ஊதுகிறவள். வீட்டில் நான் எதற்காவது கோபித்துக்கொண்டால் அவன் அடுப்படி வாசலில் நின்று ட்ரில் செய்வான், கையையும் காலையும் விரித்துச் சேர்த்து, முகத்தை மட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு. எந்தக் கோபம் நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு ஆகாயத்தில் ட்ரில் செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவானா. முதல் தடவை ஏறியபோதே செய்தான். ரூபன் பதறிப்போய் இழுவையை விட்டுவிட்டான், செல்வின் அரைகுறை உயரத்திலிருந்து இறங்கி வந்து, ஏல, நல்லா ஏறிட்டிருந்தவன எதுக்குல விட்ட என்று தம்பியைப் பிடித்துக் கலாட்டா செய்தான். இரண்டாவது தடவையும் ரூபன் விட்டான், கலாட்டா இன்னும் கூடியது. மூன்றாவது தடவை விடவில்லை. அண்ணன் காலை அவன் படித்துவிட்டான். எங்க அண்ணன் கால் ஆடலைன்னாத்தான் பயப்படணும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். எல்லாரும் சிரித்தோம், இசக்கியண்ணன்கூடச் சிரித்தார். நான் இந்த இடத்தில் நின்றுகொண்டு, ஒன், டூ, ஒன், டூ என்று அவன் காலுக்கு விசில் ஊதுவேன்.

அன்றைக்கும் ஊதினேன். எல்லார் முன்னாலும்தான் ஊதினேன், எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. விங் இடது பக்கம் சாய்ந்தது. அவன் எப்போதும் கொஞ்சம் வளைந்துதான் ஏறுவான், அதில் ஒரு பந்தா. கால் விரிந்தது, சேர்ந்தது. நான் ஊதினேன். இன்னும் வேகமாக விரிந்தது, நானும் வேகமாக ஊதினேன், விசில் அவன் காலைத் துரத்திக்கொண்டு ஓடியது, எனக்குச் சிரிப்பில் சரியாக ஊதக்கூட வரவில்லை. முகம் ஒரு பக்கம் திரும்பிவிட்ட விங்கைக் கயிறு இழுக்க இழுக்க அது அந்தப் பக்கமே இன்னும் போகும், பிரேக் எதுவும் எடுபடாது, இழுவையை விட்டால்தான் திரும்பும். இது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ரூபன் விட்டான். எஞ்சினை அடக்கினான், விஞ்ச்சில் இருக்கிற கத்தியைத் தட்டிக் கயிற்றையும் வெட்டினான், செய்ய வேண்டியது எதையும் அவன் செய்யாமல் விடவில்லை. கொஞ்சம் பிந்திச் செய்தான், அவ்வளவுதான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது செல்வின் மல்லாந்து கிடந்தான், வெள்ளைக் காலுறையில் கரிசல் மண், கால் இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. விசில் அப்போதும் என் கழுத்தில் கிடந்தது. செல்வின், உன்னைப் பளார் என்று ஒரு அறை அறைய வேண்டும்போல் எனக்கு எத்தனை நாள் இருந்திருக்கிறது தெரியுமா. ஊருக்கு முன்னால் உன்னை அவுக, இவுக என்று சொல்லுகிறேன், மனசுக்குள் நீ எப்போதும் அவன்தான், அந்த அவனை ஓங்கி அறைந்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழ வேண்டும். எதற்கும் நீ இல்லை.

காற்றுக்காகக் காத்திருக்கிறோம். இசக்கியண்ணன் மூங்கில் குச்சியில் கட்டிய சிவப்புத் துணி தொங்குகிறது, லேசாக எழும்புகிறது, மறுபடி தொங்குகிறது. எங்கள் பள்ளி விளையாட்டு விழாக் கொடியில் மிஞ்சிய துணி. காற்று நேர் எதிரே வர வேண்டும், பக்கத்திலிருந்து வந்தால் கூடாது. காலையில் இங்கே வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, அது இப்போது மறுபடியும் வந்து நிற்கிறது. நன்றாக ஏறிய பிறகு, ஒரு ஆபத்தும் இல்லாத உயரத்தில், நானாகவே காலை விரித்துச் சேர்த்தால் என்ன. ரூபன் பார்ப்பான், உடனே விடுவான், நான் பத்திரமாக இறங்குவேன். கை சொன்னபடி கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மாமியார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்புவாரோ இல்லையோ, அவன் டீயை ஒரு கையால் குடிப்பான். நல்ல யோசனையாகத்தான் இருந்தது, குளத்தங்கரைப் புளியமரத்தைத் தாண்டுகிற வரை. அப்புறம்தான் மண்டையில் ஏறியது, இதைத்தானே செல்வினும் செய்தான். தேவையில்லாமல் காலை ஆட்டுவது. அவன் சிரிக்கவைக்க ஆட்டினான், நான் தேற்றுவதற்கு ஆட்டப்போகிறேன், பொய் பொய்தானே. நாளைக்கு வேறு யாராவது நிஜமாக ஆட்டும்போது, மைனியும் அன்னைக்கு இப்படித்தான் ஆட்டினாங்க என்று அவன் மனசின் ஒரு மூலையில் ஓடினால். கூடாது. காலைச் சேர்த்து வைத்துக்கொள் சுகிர்தா. தேவையில்லாமல் ஆட்டாதே. தேவை என்றால் எப்போது தேவை, பயமாக இருந்தால் தேவையா, எனக்கு இப்போதே பயமாகத்தான் இருக்கிறது, தரையில் நிற்கும்போதே. இடது தொடை வார். பூட்டியிருக்கிறது. பார்த்தாயிற்று, சும்மா இரு.

"காத்து நேரா வருது டீச்சர். போவமா? வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க, ஒண்ணும் தப்பில்ல."

"போவோம்ணே."

"ரூபன், கேக்குதா? டீச்சர் கொக்கி மாட்டியாச்சு. ரெடி."

வாக்கிடாக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வருகிறது. பிறகு ரூபன் குரல், "சரிண்ணே." அப்புறம், "மைனிட்ட ஒண்ணு சொல்லுங்க. காலு ரெண்டையும் சேத்து வச்சுக்கிடச் சொல்லுங்க. வேணும்னா மட்டும் விரிக்கணும். சொல்லிருங்கண்ணே." எனக்குக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் இசக்கியண்ணன் அதை அப்படியே திருப்பி என்னிடம் சொல்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன், அவர் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகி நிற்கிறார்.

கயிறு டைட் என்கிறார் இசக்கியண்ணன். மண்ணில் வளைந்து கிடந்த கயிறு உயிர் வந்து நெளிந்து நேராகிறது, இடுப்பில் மெல்ல ஒரு இழுப்பு. போ, போ, போ. நான் முன்னால் சாய்ந்து நடக்கிறேன், முதுகுக்குப் பின்னால் விங் புடைத்து எழும்புகிற சத்தம், தலைக்கு மேல் வந்துவிட்டதா, வந்துவிட்டது, நேராக இருக்கிறது, ஓடு, ஓடு. காலுக்கடியில் வெடித்த மண் நொறுங்குகிறது. உட்காராதே, தரை விட்டதும் உட்காராதே, செல்வின் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தரை உன்னை விட்டாலும் நீ தரையை விடாதே, ஓடிக்கிட்டே இரு. இன்னும் இரண்டு எட்டு. மூன்றாவது எட்டுக்கு மண் இல்லை. காற்றில் ஓடுகிறேன். காலைச் சேர், சேர், சேர்த்துவிட்டேன். ரூபன் மெதுவாக இழுக்கிறான். தரைக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் விங் செங்குத்தாகத் தூக்கிவிடும், கயிறு அறுந்தால் பின்னால் விழ வேண்டியதுதான். இவன் இழுக்கிற விதமே தனி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறவனைப் போல. கயிற்றில் நடுக்கம் இல்லை. நான் தேடிப் பார்க்கிறேன், இடுப்பில் கவனத்தை வைத்துத் தேடுகிறேன், இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது, ஹெல்மெட்டுக்குள் துடைக்க முடியாது, கை இரண்டும் பிரேக்கில். பனை உயரம் தாண்டிவிட்டேன். குளத்தங்கரை தெரிகிறது, அதற்கு அப்பால் ரோடு, ரோட்டில் பஸ், பஸ்ஸின் கூரையில் யாரோ கட்டிப்போட்ட கட்டில். இரண்டு பனை உயரம். எஞ்சின் சத்தம் கூடுகிறது, இப்போது நன்றாக இழுக்கிறான், வயிறு கீழே தங்கிவிட நான் மட்டும் ஏறுகிறேன். செல்வின், நீ இங்கே வந்ததும்தானே ஆரம்பிப்பாய். இந்த உயரத்தில்தான் எனக்கு உன் காலுறை இரண்டும் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். இங்கிருந்து நான் உனக்கு எப்படித் தெரிந்தேன், விசிலும் கையுமாக ஒரு புள்ளியா. அவ்வளவு சின்ன புள்ளிக்காகவா அவ்வளவு ஆட்டம். அன்றைக்கு முதல் விரிப்பு எனக்காகத்தான் விரித்திருப்பாய், அது எனக்கு நிச்சயம். எந்த விரிப்பிலிருந்து அது நிஜமாயிற்று. இரண்டாவதா, மூன்றாவதா. உனக்கே தெரிந்ததா. சிரித்துக்கொண்டு ஆட்டத் தொடங்கி, ஆட்டும்போதே விங் திரும்பவில்லை என்று தெரிந்து, அதே காலால், அதே ஆட்டத்தை, கெஞ்சலாக மாற்ற வேண்டியிருந்ததா உனக்கு. கீழே நான் அதற்கும் தாளம் போட்டேன்.

மஞ்சள் குடை நேர் எதிரே இருந்தது. இப்போது கொஞ்சம் வலப்பக்கம் இருக்கிறது. குடை நகராது. அப்படியென்றால் நான்தான் இடது பக்கம் போகிறேன். பரவாயில்லை, இது சகஜம், வலது பக்கம் உடம்பைச் சாய், வலது பிரேக்கைக் கொஞ்சம் இழு. சாய்கிறேன், இழுக்கிறேன். குடை இன்னும் வலப்பக்கம் போகிறது. கரைக்கு மேலிருந்து ஒரு பக்கக் காற்று வந்திருக்க வேண்டும், முகத்தில் நேராகப் பட்ட காற்று இப்போது வலது கன்னத்தில் அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் வலது பிரேக், ரொம்ப வேண்டாம், ரொம்ப இழுத்தால் விங் நின்றுவிடும். திரும்புகிறது. திரும்பவில்லை. கொக்கி இடுப்பில் கோணலாக இழுக்கிறது. காலை விரிக்கலாமா. இது தேவையா பயமா. நீ நினைத்து நினைத்துத்தான் இப்படி ஆகிறது, பேசாமல் பிரேக்கைப் பிடி, பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். பொய்யாக ஆட்டக் கூடாது. பொய்யாக ஆட்டிவிட்டால் அவன் இனி ஒரு காலையும் நம்பமாட்டான். ஆனால் இது பொய்யா. தலைக்கு மேல் விங்கின் ஒரு பக்கம் தாழ்ந்து வருகிறது, வயிற்றுக்குள் இடப்பக்கமாக ஒரு சறுக்கல், ஓ, இதுதானா செல்வின், இப்படித்தான் இருந்ததா, இவ்வளவு சாதாரணமாகவா இருந்தது. எனக்குச் சாக இஷ்டமில்லை. இரண்டு வருஷமாக இஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை, இஷ்டமில்லை. கால் விரி.

விரித்தேன். சேர்க்கவில்லை. சேர்ப்பதற்குள் கயிறு செத்துவிட்டது. இடுப்பைப் பிடித்திருந்த பிடி அப்படியே கழன்றுபோக, எஞ்சின் சத்தம் எங்கோ கீழே போய்விட்டது. விங் ஒரு ஆட்டம் ஆடித் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. குடை மறுபடி எதிரே வருகிறது. கொக்கியைத் தட்டு. தட்டிவிட்டேன். கயிறு தன் முனையில் கட்டிய சின்னப் பாராசூட்டை விரித்துக்கொண்டு கீழே போகிறது. சத்தமே இல்லை. உயரம் இருக்கிறது, நேராகப் போய் இறங்கலாம், காற்று எதிரே, கால் விரிந்தபடியே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது, மெல்லச் சேர்க்கிறேன். ஒரே ஒரு விரிப்பு. அவன் பார்த்தான், விட்டான். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்தன. ரூபன், உன் கைக்கு ஒன்றும் இல்லைய்யா, நான் சொன்னேன்ல, ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் எனக்கு அவன் பெயரைக் கத்தத் தோன்றுகிறது, கத்தியும் விட்டேன். தரை மேலே வருகிறது, பிரேக்கை முழுக்க இழு, இரண்டு எட்டு ஓடு, நில். விங் எனக்கு முன்னால் போய் மடிந்து விழுகிறது.

அவன் ஓடி வருகிறான். கயிற்றை இழுத்துவர வைத்திருக்கிற பைக் பக்கத்திலேயே நிற்கிறது, அதை எடுக்கத் தோன்றாமல் வெடிப்பில் கால் இடற ஓடி வருகிறான். வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தான், அடிகிடி பட்டிருக்கிறதா என்று பார்க்கிறவனைப் போல இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தேன்.

"பாத்தியா? கை எப்படி வேலை செய்யுது பாத்தியா?"

அவன் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஒருக்காத்தான் விரிச்சிய மைனி."

"ஆமாய்யா, ஒருக்காத்தான். அதுக்குள்ள விட்டுட்டியே."

"கை தானா போயிட்டு. நான் யோசிக்கவே இல்ல." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது நடுங்கவில்லை. "யோசிக்காம இவ்வளவு வெரசா விட்டிருக்கேன். அன்னைக்கு மட்டும் ஏன் மைனி யோசிச்சேன்?"

எனக்குச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இவ்வளவு நினைத்தவள் இதை நினைக்கவில்லை. கை சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்கு அவனை இங்கே இழுத்து வந்தேன், காட்டியும் விட்டேன், கை சரியாகத்தான் இருந்தது, அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது, அப்படியானால் செல்வின் இருந்திருக்கலாம். ஒரு விரிப்பு போதும். எத்தனை தடவை விரித்தான் அவன், நான் எத்தனை தடவை ஊதினேன். ரூபன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷமாக அழாதவன் வாயைத் திறந்துகொண்டு அழுதான், இசக்கியண்ணன் தூரத்திலேயே நின்றுவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹார்னஸ் முதுகில் கனத்தது. என்ன சொல்வது. போதகர் சொன்னதைச் சொல்வதா, தேவ சித்தம் என்று. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது தெரிந்தது என்றுகூட வாய் திறக்கிற வரை எனக்குத் தெரியாது.

"அவுக கால் உனக்குத் தெரியும்லா, ரூபன். அதான் யோசிச்ச. என் கால் உனக்குத் தெரியாது, அதான் உடனே விட்டுட்ட."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கும் அவுக கால் தெரியும். நானும் அதான் ஊதினேன். தெரியாத ஆளு யாராவது அன்னைக்கு அங்க உக்காந்திருந்தா அவுக இன்னைக்கு வீட்ல இருப்பாக. நமக்குத் தெரிஞ்சுபோச்சு, என்ன செய்ய."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், எண்ணெயும் மண்ணுமான கை, இறுக்கமான பிடி. வெயில் ஏறிவிட்டது. வெகு நேரம் கழித்து எழுந்து, மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, விங்கைச் சுருட்டுவதற்கு ஒரு பக்கம் பிடித்தான். பாதி சுருட்டியவன் நிறுத்தினான்.

"கயித்த மறுபடி இழுத்துட்டு வரச் சொல்லட்டுமா மைனி?"

எனக்குப் பயம் போகவில்லை. வீட்டுக்குப் போய் மாமியாருக்குச் சோறு வடிக்க வேண்டும், அவர் பார்க்கிற அந்தச் சுவருக்கு முன்னால் இன்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

"வரச் சொல்லு" என்றேன்.

அவன் குடையைப் பார்த்து நடந்தான். நடந்துகொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான், இரண்டு தடவையும் என் காலைத்தான் பார்த்தான். அவன் குடைக்குக் கீழே போய் உட்காருகிற வரை நான் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன்.